முறிந்த கையும் தம்பியின் விளையாட்டும்

அப்பாவின் வலது மணிக்கட்டைத் தம்பி முறித்தது குற்றாலத்தில் சீசன் தொடங்கிய நாட்களில், சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில். நான் பக்கத்து அறையில் லேப்டாப் முன்னால் கம்பெனி வேலையில் இருந்தேன்.

அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் பேச்சு முற்றினால் அடிதான். சின்ன வயதில் பெல்ட்டால் அடித்தார், வளர்ந்த பிறகு கையால். தம்பி கல்லூரியைப் பாதியில் விட்டு வந்ததும் அது இன்னும் கூடியது. அவன் நாள் முழுக்கக் கட்டிலில் படுத்து போனில் ஒரு விளையாட்டு ஆடிக்கொண்டிருப்பான். பாட்டு ஓடும், மேலிருந்து வெளிச்சக் கட்டங்கள் விழும். அவை கோட்டைத் தொடும்போது தாளம் தப்பாமல் விரலால் தட்ட வேண்டும். நாங்கள் எங்கேயும் கேட்டிராத தேசத்துப் பாட்டுகள் எல்லாம் அதில் வரும். "யக்கா, இதக் கேளேன்" என்று ஒரு பக்க இயர்போனை என் காதில் திணிப்பான்.

அன்று காலை மாடித் தொட்டி நிறைந்து தண்ணீர் வழிந்தது. "மோட்டார நிறுத்துலே" என்று அப்பா கத்தினார். தம்பிக்குக் கேட்கவில்லை. அப்பா வந்து போனைப் பிடுங்கினார். பின்வாசலுக்குப் போய்த் துவைக்கிற கல்லில் ஓங்கி அடித்தார். போன் சில்லுச் சில்லாகத் தெறித்தது.

தம்பி பின்னாலேயே ஓடினான். அப்பா அறைய ஓங்கிய கையை அந்தரத்திலேயே பிடித்து முறுக்கினான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அப்பா அலறவில்லை; இடது கையால் அவன் முகத்தில் குத்தினார். அம்மா குறுக்கே விழுந்தாள். யார் முழங்கை பட்டதென்று இன்றுவரை தெரியாது, அவள் மேலுதடு கிழிந்து சேலை முன்புறம் ரத்தமானது. தம்பி உள்ளே போய் இரும்பு நாற்காலியைத் தூக்கி டிவியில் போட்டான்.

"இனி இங்கன நான் இருந்தேன்னா ஒருத்தன் சாவான்" என்று சொல்லிவிட்டு, மூக்கில் ரத்தத்தோடு வெளியே போனான். சாயங்காலம் கோயம்புத்தூரில் கூட்டாளி அறைக்குப் போவதாக யாருடைய போனிலிருந்தோ என்னைக் கூப்பிட்டுச் சொன்னான்.

ஆஸ்பத்திரியில் அப்பா, "அருவிக்கரையில வழுக்கி விழுந்துட்டேன்" என்றார். அம்மாவின் உதட்டில் தையல் போட்டுக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் சேந்தா விழுந்திய?"



மாவுக்கட்டைப் பிரித்தபோது அப்பாவின் விரல்கள் மரக்கட்டை மாதிரி விறைத்திருந்தன. விரல் பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்தை அவர் ஜன்னல் வழியே வீசி எறிந்தார். சோற்றைப் பிசைய முடியாத ஆத்திரத்தில் ஒருநாள் தட்டும் பறந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. என் பழைய போனில் அந்த விளையாட்டை ஏற்றி அவர் மடியில் வைத்தேன்.

"இது அவன் வெளையாடுன சனியம்லா?"

"ஆமா. விரலுக்கு நல்லதுப்பா."

முதல் நாள் ஆணி அடிப்பதுபோல் குத்தினார். திரைமேல் ஒட்டியிருந்த கண்ணாடி கீறல் விட்டது. தப்பு என்று போன் காட்டும்போதெல்லாம் அதைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். ஆனால் கீழே வைக்கவில்லை. ஒரு பாட்டில் மட்டும் திரும்பத் திரும்பத் தோற்றார். வார்த்தையே இல்லாமல் முழுக்க முழுக்க மேளம். ஒரு மதியம் என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, வெளையாட்டு வேண்டாம். இந்தப் பாட்ட மட்டும் போடு."

கண்ணை மூடித் தொடையில் தட்டிக்கொண்டே கேட்டார். "கோயில் கொடையில சாமி எறங்குத நேரம் அடிப்பானுவல்லா, அந்த வேகம். எந்த ஊர்க்காரன் அடிக்கான்?"

தேடிப் பார்த்தேன். ஆப்பிரிக்காக்காரர்கள். அதே ஊர் மேளத்தில் இன்னும் சில எடுத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து விளையாட்டில் ஒரு பாட்டு பிடித்தால் அதை முழுசாகக் கேட்காமல் விடமாட்டார். பியானோ, கிதார், என்னென்னவோ. சினிமாப் பாட்டு தவிர வேறெதையும் கேட்டறியாத மனிதர் அவர்.

இசை ஆளைச் சாந்தமாக்கும் என்பார்கள். அப்பாவை ஆக்கவில்லை. மெயின் அருவியில் குடித்துவிட்டு இடித்த ஒருவனை, தேறிக்கொண்டிருந்த அதே கையால் அறைந்தார். அவன் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். போலீஸ்காரர் வந்து விலக்கிவிடுவதற்குள் அப்பாவின் சட்டை கிழிந்து, காது வீங்கிவிட்டது. வரும் வழியில் வீங்கிய காதில் இயர்போனை மாட்ட முடியாமல் மறு காதில் மாட்டிக்கொண்டார்.

தீபாவளிக்கு முந்தின நாள், விட்டுப்போன துணிகளை எடுக்கத் தம்பி வந்தான். அப்பா அந்த மேளப் பாட்டை விளையாடிக்கொண்டிருந்தார். தலை தூக்கவில்லை. தம்பி பையைத் தோளில் வைத்தபடி வாசற்படியில் நின்று பார்த்தான். அப்பா தவறவிட்டார்.

"கட்டத்தப் பாக்காதீங்க. மேளத்தக் கேட்டுத் தட்டுங்க."

"நீ மூடுலே."

ஆனால் அடுத்த முறை அப்படித்தான் தட்டினார். பாட்டு முடிந்ததும் கேட்டார்: "அன்னைக்கு இதத்தான் கேட்டுக்கிட்டு இருந்தியா?"

"ஆமா."

"நல்லாத்தான் இருக்கு."

அவ்வளவுதான். அடுப்படியில் இருந்த அம்மா கேட்டிருக்க வேண்டும். கையில் பூரிக்கட்டையோடு வந்தாள். தம்பியின் முதுகில் ஒன்று, அப்பாவின் தோளில் ஒன்று, மறுபடி தம்பிக்கு. எங்கள் யாரையும் ஒருநாளும் அடித்திராதவள்.

"இந்த எழவுப் பாட்டுக்கா என் வாயக் கிழிச்சிய? இப்ப ரெண்டுபேரும் சேந்து கேக்கியளோ?"

தம்பி கையை உயர்த்தித் தடுக்கக்கூட இல்லை. அப்பா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார். அம்மா கட்டையைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவளைத் தடுக்க எனக்குத் தோன்றவே இல்லை.

தம்பி தீபாவளிக்கு இருந்துவிட்டு, கோயம்புத்தூருக்கே திரும்பிப் போனான். அங்கே ஒரு கடையில் வேலை. அவனும் அப்பாவும் போனில் பேசிக்கொள்கிறார்கள். பேசுவது பாட்டு மட்டும்தான். அதிலும் சண்டை வந்து பாதியில் வைத்துவிடுகிறார்கள். அடித்ததைப் பற்றியோ முறித்ததைப் பற்றியோ இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அம்மா எந்தப் பாட்டையும் கேட்பதில்லை. தம்பி ஊருக்கு வந்து, இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தால், நான் என் வேலையை அங்கேயே எடுத்துப் போய் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்கிறேன்.