மூலை வெளிறிய அச்சு

மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் இருந்த தச்சர் தம்பிராஜா பிறந்தது 1903 என்று இறப்புச் சான்றிதழ் சொல்கிறது. 1902 என்பதே சரி. அவ்வூர் மரச்செதுக்கு ஓவியர் சங்கத்தில் அவர் ஒருவர்தான் தமிழர். சீன நண்பர்கள் வரைவார்கள். இவர் பலகையில் செதுக்குவார். அதில் மை தடவித் தாளில் அச்செடுப்பார்கள். 1939இல், ஜப்பானோடு போரிட்ட சீனாவின் நிவாரண நிதிக்காகச் செதுக்கிய படத்தில் ஜப்பானிய விமானங்கள் ஓர் ஊரின்மேல் குண்டு வீசின.

1942இல் ஜப்பானியர் மலாக்காவுக்குள் வந்ததும், பிடிபட்டால் தலை போகும் என்று சங்கத்தார் எல்லாவற்றையும் எரித்தார்கள். தம்பிராஜா அந்தப் பலகையை மட்டும் எரிக்க மனமில்லாமல், படத்தைக் கவிழ்த்து அடுக்களையில் காய் நறுக்க வைத்துக்கொண்டார்.

1943 மார்ச்சில் ஜப்பானிய ராணுவத்தின் மொழிபெயர்ப்பாளர் கருணாகரன் வந்தார். "மரவள்ளி நடச் சொல்லிச் சுவரொட்டி போடணும். படம் செதுக்கிக் கொடும்."

"மரம் இல்லீங்களே."

"அதோ, அடுக்களையில் இருக்கே! அச்சு எந்திரத்துக்கு அளவெடுத்த மாதிரி. கத்தரிக்காய் கோவிச்சுக்காது, செய்யும்."

அவர் போனதும் மனைவி சந்திரமதி கதவைச் சாத்தினார். "அடிப்பக்கத்தை இழைச்சுத் தள்ளிடுங்க."

"இழைச்சா உயரம் குறையும். எந்திரத்தில் பலகை தாளைத் தொடாது, மை பிடிக்காது."

தேயிலைப் பெட்டியின் மெல்லிய பலகை ஒன்றுதான் கிடைத்தது. அதன் கனத்துக்கு மட்டும் படம் இருந்த பக்கத்தை இழைத்து, அந்த மெல்லிய பலகையையே கிழங்கு மாவுப் பசையால் அங்கே ஒட்டினார். ஆழமாகச் செதுக்கிய விமானங்கள் இழைப்புக்குத் தப்பி உள்ளே அப்படியே கிடந்தன. மேலே மரவள்ளிச் செடியைச் செதுக்கிக் கொடுத்தார்.

பலகை அச்சகத்திலேயே தங்கிவிட்டது. புதிய சுவரொட்டி ஒட்டும்போதெல்லாம் தம்பிராஜா அதைப் பார்க்க ஜாலான் பெண்டஹாரா தெருவுக்கு ஓடுவார். நான்கு மூலையிலும் மை சீராக இருந்தால் ஒட்டு பிடித்திருக்கிறது என்று பொருள். அன்றுதான் சோறு இறங்கும்.

1944 ஆகஸ்டில் ஒட்டிய சுவரொட்டியில் ஒரு மூலை வெளிறியிருந்தது.

"நீங்களே போய் மாட்டிக்கப் போறீங்களா?" என்று மறித்தார் சந்திரமதி.

"நான் போகலைன்னா அவங்களே பலகையைத் திருப்பிப் பார்ப்பாங்க."

அச்சகத்தில் கருணாகரன் சிரித்தார். "கூப்பிடாமலே வர்ற தச்சரை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."

"மூலை வெளிறினா எனக்குத்தானே கெட்ட பேரு. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சரி பண்ணித் தர்றேன்."

"வீட்டுக்கெல்லாம் இல்லை. இங்கேயே செய்யும்."

ஜப்பானிய அதிகாரி ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். தம்பிராஜா பலகையைத் தன் பக்கமாகச் சாய்த்தார். ஒட்டுப்பலகையின் மூலை உடைந்து, விமானத்தின் வால் வெளியே தெரிந்தது. கட்டைவிரலால் அதை மறைத்துக்கொண்டு, மரத்துண்டு ஒன்றைச் செருகி ஆணி அடித்தார். முதல் அடி விரலில் விழுந்தது. விரலை எடுக்கவில்லை.

அதிகாரி எந்திரத்தில் ஒரு தாளை ஓட்டச் சொன்னார். மூலை கறுப்பாக விழுந்தது. அதிகாரி தலையசைத்தார்.

தம்பிராஜா குனிந்து வணங்கிவிட்டு வெளியே வந்து, சாக்கடை ஓரம் குந்தி வாந்தியெடுத்தார். சுத்தியலை உள்ளேயே விட்டுவிட்டிருந்தார். அதைக் கேட்டு அவர் திரும்பப் போகவில்லை.