விலாசினி நிறுத்திவைத்த துடுப்புக்காரன்

செறுகரையில் விலாசினியின் கை படாத உடம்பு இல்லை. அவள் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் நர்ஸ். நான் அங்கே மருந்து எடுத்துக் கொடுப்பவன். கல்யாணமான புதிதில் சேர்த்தலையிலிருந்து வந்தவள், இங்கேயே தலை நரைத்துவிட்டாள். அவள் கணவர் சிவானந்தன் ஆலப்புழைக்குப் போகும் பயணிகள் படகை ஓட்டுகிறவர்.

வயதுக்கு வயது அவள் பார்க்கும் விதம் மாறும். பிறந்த குழந்தையின் நெற்றியை விரலால் அழுத்தி எடுத்து, அந்த இடம் மஞ்சளாகத் தெரிகிறதா என்று பார்ப்பாள். தாய்க்குத் தெரியாமல், பேச்சுக் கொடுத்துக்கொண்டே. அங்கன்வாடிப் பிள்ளைகளை ஒற்றைக் காலில் நொண்டச் சொல்வாள். பள்ளிக்கூடத்துப் பெண்களின் கீழிமையை இறக்கி, இரத்தம் குறைவா என்று பார்ப்பாள். நாற்பது தாண்டிய ஆண்களிடம் குடியைப் பற்றிக் கேட்டால் பாதி உண்மைதான் வரும் என்று மனைவியிடம் கேட்பாள். வயதானவர்களை நாற்காலியில் உட்காரவைத்துக் கையூன்றாமல் எழச் சொல்வாள்.

குட்டப்பன் கிழவர் ஒருமுறை, "எழுந்துட்டா என்ன தருவே?" என்று கேட்டார்.

"மறுபடியும் உக்காரச் சொல்லுவேன்," என்றாள்.

அஜிமோன் பழைய வெள்ளம் ஒன்று வந்த வருஷத்தில் பிறந்தவன். பள்ளிக்கூட மாடியில் நிவாரண முகாம் நடந்தபோது, இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு விலாசினிதான் பிரசவம் பார்த்தாள். எடைத் தொட்டிலில் போட்டால் முள் அசைகிறதா என்று குனிந்து பார்க்கவேண்டிய அளவு பிள்ளை. வளர்ந்தபின் அவனைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். தோள் கதவு நிலை மாதிரி இருக்கும். எங்கள் போட் கிளப்பின் சுண்டன் வள்ளத்தில், அந்த நீளமான பந்தயப் படகில், முன்வரிசைத் துடுப்பு அவனுடையது. அவன் போடுகிற தாளத்துக்குத்தான் பின்னால் இருக்கும் அத்தனை பேரும் துடுப்பு போடவேண்டும்.

ஓணம் கழிந்து நடக்கும் பந்தயத்துக்கு அந்த வருஷம் ஒரு புது விதி வந்தது. முந்தின வருஷம் வேறு ஊரில் ஒருவர் வள்ளத்திலேயே மயங்கி விழுந்துவிட்டார். அதனால் டாக்டர் சான்றிதழ் இல்லாமல் யாரும் ஏறக்கூடாது. கிளப் தலைவர் வர்க்கிச்சன் பையன்களை லாரியிலிருந்து மூட்டை இறக்குவதுபோல எங்கள் வராந்தாவில் இறக்கினார். ஒரே கூச்சல், சிரிப்பு. இரத்த அழுத்தமும் நாடியும் பார்த்து உள்ளே அனுப்புவது விலாசினி. கையெழுத்துப் போடுவது புதிதாக வந்திருந்த டாக்டர் நீதா.

அஜிமோன் கையை நீட்டிக்கொண்டே, "சேச்சி, வீட்டுல ரேஷ்மிக்குப் பிரசவ நாள் நெருங்குது. பிள்ளையைப் பாக்க நீங்கதான் வரணும்," என்றான்.

விலாசினி மணிக்கட்டைப் பிடித்தபடி இருந்தாள். சீராக ஓடிக்கொண்டிருந்த நாடி ஓரிடத்தில் ஒரு துடிப்பை விழுங்கிவிட்டு மறுபடி ஓடியது. கொஞ்சம் கழித்து இன்னொன்றை விழுங்கியது. மற்றக் கையைப் பிடித்தாள். அங்கேயும் அப்படித்தான்.

உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் குழாயை வைத்துக் கேட்டார். "இந்த வயசுல இது சகஜம்தான் சேச்சி. பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. ஆனா உள்ள பாக்கற மெஷின் நம்மகிட்ட இல்லியே." பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு, "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

"நானா இருந்தா கையெழுத்துப் போட மாட்டேன். பெரிய ஆஸ்பத்திரியில நெஞ்சுக்குள்ள போட்டோ பிடிச்சு வரட்டும்."

ஜன்னலுக்கு வெளியே நின்ற எல்லோருக்கும் அது கேட்டுவிட்டது. ஆலப்புழைப் பெரிய ஆஸ்பத்திரியில் கிடைத்த தேதியோ பந்தயத்துக்குப் பிறகு.

வர்க்கிச்சன் சாயங்காலம் வரை உட்கார்ந்து பார்த்தார். முதலில் கெஞ்சினார். "சிஸ்டரே, அவன் முன்னால இல்லேன்னா வள்ளம் நகராது. நெஞ்சு வலின்னு அவன் சொன்னானா? மூச்சு வாங்குதுன்னு சொன்னானா?"

"சொல்லல."

"பின்ன? அவனுக்கே தெரியாத நோய் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நோய்னு நான் சொல்லலியே. தெரியாதுன்னுதான் சொல்றேன். தெரியாம ஏத்தி விட முடியாது."

அஜிமோன் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். போகும்போது அவளைப் பார்த்து, "என்னை வெளியில எடுத்த கையாச்சேன்னு நீட்டினேன்," என்று மட்டும் சொன்னான்.

பந்தயத்தில் எங்கள் வள்ளம் கிழக்கேக்கரை ஊர் வள்ளத்திடம் தோற்றது. மூக்களவு வித்தியாசம். அடுத்த வாரம் அஜிமோன் ஆலப்புழைக்குப் போனான். இதயத்தைத் திரையில் பார்த்தார்கள். சுழலும் ரப்பர் பட்டைமேல் ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஓட ஓட அவன் நாடி நூல் பிடித்த மாதிரி சீராகிவிட்டதாம். ஒரு குறையும் இல்லை, துடுப்பு போடலாம், மலையே ஏறலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு விலாசினி கடைத்தெருவில் நடப்பதே கஷ்டமாகிவிட்டது. வைதவர்களைவிடச் சிரித்தவர்கள்தான் அதிகம். டீக்கடை சாக்கோ, "சிஸ்டரே, வீட்டு வாத்து நாலு நாளா முட்டை போடல. நாடி பாக்கறீங்களா?" என்று கேட்டான்.

"கொண்டு வா. நீயும் கூட வா. பிரஷர் பாக்க வரச் சொல்லி ஒரு மாசமாச்சு," என்றாள் நிற்காமல்.

ஆனால் மருந்து அறைக்கு வந்து என்னெதிரே உட்கார்ந்தபோது அவள் முகம் அப்படி இல்லை. "வீட்டுல இவரும் கேக்கறார், 'டாக்டரே சகஜம்னு சொன்னப்போ நீ ஏண்டி வாயைத் திறந்தே'ன்னு. கேட்டாங்க, சொன்னேன். வேற என்ன சொல்றது?" என்றாள். ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ரேஷ்மிக்கு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு வந்தும் விலாசினிக்குச் சொல்லி அனுப்பவில்லை. அக்கரை நர்ஸை அழைத்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். விலாசினி காத்திருக்கவில்லை. எடைத் தொட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு படகேறிவிட்டாள். அங்கே நடந்ததைப் பின்னால் ரேஷ்மிதான் எனக்குச் சொன்னாள்.

அஜிமோன் வாசற்படியில் வலையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவில்லை.

"எனக்கு ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சதும் உங்களுக்கு எப்படி இருந்துச்சு சேச்சி?"

"நிம்மதியா இருந்துச்சு. அப்புறம் வெக்கமா இருந்துச்சு."

இதை அவன் எதிர்பார்க்கவில்லை. வலையின் ஒரு முடிச்சை இழுத்து இறுக்கினான். "நாளைக்கே இன்னொருத்தன் நாடி இப்படி இருந்தா?"

"அவனையும் நிறுத்துவேன் மோனே."

"நான் ஏறியிருந்தா ஜெயிச்சிருப்போம்."

"ஜெயிச்சிருப்பீங்க."

உள்ளேயிருந்து ரேஷ்மி, "ரெண்டு பேரும் அங்கயே பேசி முடிங்க. இங்க பிள்ளை பாலைக் கக்கிட்டிருக்கு," என்றாள். அவன் வலையைக் காலால் ஒதுக்கி வழிவிட்டான்.

விலாசினி தரையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் கிடத்தினாள். கை கால்களை விரித்துப் பார்த்தாள். உள்ளங்கையில் விரலை வைத்தாள். பிள்ளை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. நெற்றியையும் பிறகு மார்பையும் அழுத்திப் பார்த்தாள். மஞ்சள் இல்லை. தொட்டிலைத் தொங்கவிட உத்தரத்துக்குக் கை எட்டவில்லை. அஜிமோன் வந்து கொக்கியை மாட்டிவிட்டு, அங்கேயே நின்று முள்ளைப் பார்த்தான்.

"நல்ல எடை. பால் அதிகமாக் குடிச்சிட்டுக் கக்குது. தோள்ல போட்டுத் தட்டுங்க, போதும்," என்றாள் விலாசினி.

ரேஷ்மி பால் விடாத கட்டன் காப்பி போடச் சொன்னாள். அஜிமோன்தான் போட்டான். சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருந்தானாம். விலாசினி மிச்சம் வைக்காமல் குடித்தாளாம்.

அவனுக்குக் கோபம் முழுக்க ஆறிவிட்டது என்று சொல்லமுடியாது. இன்றும் தோற்ற கதை பேச்சில் வந்தால் எழுந்து போய்விடுவான். ஆனால் பிள்ளைக்குத் தடுப்பூசி போட அக்கரைக்குப் போகவில்லை.

அடுத்த வருஷம் ஆலப்புழைக் காகிதத்தைக் காட்டி அவன் சான்றிதழ் வாங்கினான். பந்தயத்தன்று எங்களுக்கு அங்கன்வாடியில் முதியோர் பரிசோதனை. தேதியை மேலே இருப்பவர்கள் வைத்தது, மாற்ற முடியவில்லை. பதினைந்து, இருபது கிழவர்களும் கிழவிகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். காயலுக்கு அப்பாலிருந்து ஒலிபெருக்கியில் வர்ணனை கேட்டது. குட்டப்பன் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள் விலாசினி. அளவைப் பார்த்துவிட்டு அடுத்தவருக்குச் சுற்றினாள். பிறகு இன்னொருவருக்கு. எல்லோருக்கும் அழுத்தம் எகிறிக்கிடந்தது.

"பந்தயம் முடியற வரைக்கும் யாருக்கும் பாத்துப் பிரயோஜனமில்ல," என்று கருவியை மூடிவைத்துவிட்டு, அவர்கள் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

எங்கள் வள்ளம் இரண்டாவதாக வந்தது. கிழவர்கள் திட்டி ஓய்ந்து, எல்லோருக்கும் சுக்குக் காப்பி கொடுத்து முடித்த பிறகு, முதலிலிருந்து மறுபடி அளக்க ஆரம்பித்தாள்.