விழித்திருக்க ஓர் ஆள்

முன்பின் தெரியாத ஒரு மனிதரின் நெற்றியில் கை வைத்து, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறீர்களா?

போன கிழமை நான் பார்த்தேன். விமானத்தில். அதுவும் அவருடைய மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு!

"தங்கச்சி…" என்று யன்னல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "அவர் என்ரை மனுசன்."

சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. மூன்று பேர் இருக்கும் வரிசை. யன்னலோரம் மனைவி, நடுவில் கணவர், நடைபாதைப் பக்கம் நான். கணவர் நித்திரையில் இருமியிருக்கிறார், அவ்வளவுதான். என் கை தன்பாட்டில் போய் அவருடைய போர்வையை இழுத்து மூடி, நெற்றியைத் தொட்டிருக்கிறது. வாய் வேறு "இஞ்சைதான் இருக்கிறன், படுங்கோ" என்று சொல்லியிருக்கிறது. இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுதான் எனக்கே உணர்வு வந்தது.

மனிதர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"எனக்குக் காய்ச்சலோ பிள்ளை?"

"இல்லை அண்ணை. ஒண்டுமில்லை. நீங்கள் படுங்கோ."

மறுபேச்சில்லாமல் படுத்துவிட்டார். சொன்ன சொல் கேட்கிற ஆண்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

இந்தப் பத்தியை விடாமல் வாசிப்பவர்களுக்கு என் வேலை தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோ நகரில், ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஒரு வயதான சின்யோராவின் — நம் மொழியில் அம்மணி — வீட்டில் தங்கி அவரைப் பார்த்துக்கொள்கிறேன். பகலில் எல்லாரும் செய்கிற வேலைதான் — சமையல், மருந்து, குளிப்பாட்டல், கொஞ்சம் திட்டு வாங்குதல். இரவு வேலைதான் வேறு. சின்யோராவின் கட்டிலுக்குப் பக்கத்தில் மடக்குக் கட்டிலைப் போட்டு, ஒரு காதைத் திறந்துவைத்துக்கொண்டு படுக்க வேண்டும்.

இரவில் சின்யோரா திடீரென்று கேட்பார்: "சி செய்?" இருக்கிறாயா என்று அர்த்தம். பதில் வராவிட்டால் எழும்பித் தேடத் தொடங்குவார். விழுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நித்திரைக் கலக்கத்தில், என்னையறியாமல் தமிழில் பதில் சொல்லிவிட்டேன். "இஞ்சைதான் இருக்கிறன், படுங்கோ." சின்யோரா பேசாமல் படுத்துவிட்டார். அடுத்த நாள் ஒழுங்காக இத்தாலியனில் சொன்னேன். "யார் நீ?" என்று ஒரு கத்தல்! அன்றிலிருந்து அந்த வீட்டில் பகலுக்கு இத்தாலியன், இரவுக்குத் தமிழ்.

தங்கச்சியின் மகளுக்குக் கலியாணம் என்று ஒரு மாதம் லீவு எடுத்து யாழ்ப்பாணம் போனேன். எனக்குப் பதிலாக மாலினி வந்து தங்கினாள். மாலினி மொரீசியஸ் பெண். தமிழ்ப் பரம்பரை. தைப்பூசத்துக்கு விரதம் இருப்பாள், ஆனால் தமிழ் ஒரு சொல் வராது. புறப்படுவதற்கு முதல் நாள், சமையலறையில் வைத்து அவளுக்கு அந்த ஒரு வசனத்தை மட்டும் சொல்லிக் கொடுத்தேன். பாவம், மருந்துப் பெயர் மனப்பாடம் செய்வதுபோல் திரும்பத் திரும்பச் சொன்னாள். "இஞ்சை" வந்தது. "இருக்கிறன்" வந்தபாடில்லை.

எதற்கு இவ்வளவு பாடு என்கிறீர்களா? சின்யோராவுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது. எனக்குச் சம்பளம் தருகிற மகளைத் தங்கை என்கிறார். காலையில் சாப்பிட்டதை மத்தியானம் மறுக்கிறார். என்னை மட்டும் இதுவரை பிழைவிடாமல் "ராணி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு மாதம் கண்ணில் படாமல் இருந்தால்? பயம் இருந்தது. கலியாண வீட்டில் சிரித்துக்கொண்டு பலகாரம் பரிமாறும்போதும் இருந்தது.

மாலினி வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவாள். முதல் வாரம் — "உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்." அடுத்த வாரம் — "நான் தமிழில் சொன்னால் சிரிக்கிறார். பிழை, திரும்பச் சொல்லு என்கிறார்." எனக்கும் சிரிப்பு வந்தது. கடைசிக் குரல், கொழும்பு விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது வந்தது.

"கவலைப்படாதே ராணி. இப்போது உன்னைக் கேட்பதே இல்லை. இரவிலும் கூப்பிடுவதில்லை. நன்றாக இருக்கிறார்."

ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் அனுப்பியிருக்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியுமா? அந்த நல்ல செய்தியைத் தூக்கிக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

நடுவில் ஒரு விமானம் மாறி, ரோமுக்குப் போகும் நீண்ட பயணத்தில் இருந்தபோது விமானத்தில் விளக்கை அணைத்தார்கள். மேற்கே பறக்கும்போது ஒரு கரைச்சல் உண்டு. இரவும் கூடவே பறக்கும். விடியவே விடியாது.

நித்திரைக்கு என்னிடம் எல்லாச் சாமானும் இருந்தன. தங்கச்சியின் புது மருமகன் வாங்கித் தந்த கழுத்துத் தலையணை… போட்டால் வண்டி மாடு மாதிரி இருந்தது. கண்ணுக்குக் கறுப்புத் துணி… கட்டினால் மூச்சு முட்டியது. தங்கச்சி ஒரு நித்திரைக் குளிசை தந்துவிட்டிருந்தாள். அதைத் தொடவில்லை. இரவுக் காவல்காரிக்கு அது விஷம்! ஒரு படம் போட்டேன். முன் சீட்டுக்காரர் சாய்ந்ததில் கதாநாயகியின் மூக்கு என் மூக்குக்குக் கிட்ட வந்துவிட்டது. நிறுத்திவிட்டேன்.

சுற்றிப் பார்த்தால் எல்லாரும் நல்ல நித்திரை. வாயைத் திறந்தபடி ஒருவர், முன் மேசையில் முகம் குப்புற ஒருவர், தெரியாத ஆளின் தோளில் சாய்ந்தபடி ஒரு பெண். எப்படி முடிகிறது இவர்களுக்கு? யோசித்தேன். யோசிக்கத்தான் நேரம் கொட்டிக் கிடந்ததே!

களைத்தால் நித்திரை வரும் என்பது சுத்தப் பொய். களைப்புக்கு என்னிடம் என்ன குறை? நமக்காக யாரோ ஒருவர் விழித்திருக்கிறார் என்ற நம்பிக்கை வேண்டும். குழந்தை தாயை நம்பித் தூங்குகிறது. விமானத்தில் இத்தனை பேரும் பைலட்டை நம்பித் தூங்குகிறார்கள். சின்யோரா என்னை நம்பித் தூங்குகிறார்… தூங்கினார். நான் யாரை நம்புவது?

யாழ்ப்பாணத்திலும் இதே கதைதான். தங்கச்சி எனக்கென்று ஏசி போட்ட தனி அறை ஒதுக்கி, "அக்கா, இனியாவது ஆறுதலாப் படுங்கோ" என்றாள். நல்ல மெத்தை, நல்ல குளிர். இரவில் எழும்பி, ஒருவரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். என் கணவர் இறந்து கனகாலம். மகன் லண்டனில், ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பான். யாருமே இல்லாதவள் என்று என்னைச் சொல்ல முடியாது. ஆனால் இருட்டில் "இருக்கிறாயா" என்று கேட்க, உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அவரும் இப்போது கேட்பதில்லையாம்.

இந்த யோசனையில் சற்றே கண்ணயர்ந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து அண்ணை இருமித் தொலைத்தார். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ," என்றேன் யன்னலோர மனைவியிடம். "பழக்கதோசம்."

"பழக்கதோசமோ! எத்தினை பேரின்ரை நெத்தியைத் தொட்டுப் பழகினனீங்கள்?"

சின்யோராவின் கதையைச் சொன்னேன். கணவரின் நெஞ்சுக்கு மேலால் குனிந்து, இரகசியக் குரலில் கதைத்துக்கொண்டோம். அவர்கள் ரோமில் இருக்கும் மகளிடம் போகிறார்கள். மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறதாம்.

"அவ உங்களை மறந்திருப்பா எண்டோ யோசிக்கிறியள்?"

"ஓம் அக்கா."

"மறந்தா என்ன? சம்பளம் வரும்தானே?"

"வரும்."

"பிறகேன் அழுறியள்?"

நான் அழுவது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அக்கா தன் கைப்பையைத் துழாவி ஒரு டிஷ்யூ எடுத்து நீட்டினார். பிறகு கணவரைப் பார்த்து, ஏதோ முடிவுக்கு வந்தவர் போலச் சொன்னார்.

"இந்தாளின்ரை குறட்டை இல்லாட்டி எனக்கும் நித்திரை வராது. எனக்கு விளங்குது. நீங்கள் ஏறினதிலை இருந்து ஒருக்காவும் வடிவாக் கண் மூடேல்லை. இப்ப படுங்கோ. நான் முழிச்சிருக்கிறன்."

நான் முழிச்சிருக்கிறன்! பலெர்மோவுக்கு வந்த பிறகு இந்த வார்த்தையை எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. நான்தான் மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். நன்றியோடு கண்ணை மூடினேன். உடம்பு மெல்லத் தளர்ந்தது. இதோ வருகிறது, வந்துவிட்டது என்று இருக்கும்போது புதிதாக ஒரு குறட்டை கேட்டது.

அக்கா! கணவரின் தோளில் சாய்ந்து, காவல் இருந்த களைப்பில் அயர்ந்துவிட்டார். இருவருக்கும் சேர்த்துப் போர்வையை இழுத்து மூடிவிட்டேன். இந்தத் தடவை முழு உணர்வோடுதான். ரோம் வரும்வரை அந்த விமானத்தில் பைலட்டும் நானும்தான் விழித்திருந்தோம். அவருக்காவது பக்கத்தில் கதைக்க இன்னொரு பைலட் இருந்திருப்பார்.

ரோமில் இறங்கும்போது அக்கா என் கையைப் பிடித்து, "நல்லா நித்திரை கொண்டியளோ?" என்று கேட்டார். "ஓம் அக்கா, நல்ல நித்திரை," என்றேன். வேறு என்ன சொல்வது?

அங்கிருந்து பலெர்மோவுக்கு இன்னொரு குட்டி விமானம், பிறகு பஸ். வீட்டுக் கதவை மாலினி திறந்தாள். சின்யோரா சமையலறை மேசையில் உட்கார்ந்து மண்டரின் உரித்துக்கொண்டிருந்தார். சியாகுல்லித் தோட்டங்களிலிருந்து வருகிற, பருவத்தின் கடைசியில் பழுக்கிற இனிப்பான வகை. என்னை நிமிர்ந்து பார்த்தார். மிக மரியாதையாகத் தலையசைத்தார்.

"போன்ஜோர்னோ, சின்யோரா."

இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என்னைச் சின்யோரா என்று கூப்பிட்டார்.

"இது ராணி! ராணி வந்திருக்கிறாள்!" என்று மாலினி பதறினாள். சின்யோரா அதற்கும் மரியாதையாகச் சிரித்தார். வந்த விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல ஒரு சுளையை நீட்டினார். வாங்கிச் சாப்பிட்டேன். இனிப்பாகத்தான் இருந்தது. மாலினி என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, தன் பையைத் தூக்கிக்கொண்டு, தான் குடியிருக்கும் பிரான்காச்சோவுக்கு பஸ் பிடிக்கப் போய்விட்டாள்.

அன்றிரவு மடக்குக் கட்டிலை அதே இடத்தில் போட்டேன். விளக்கை அணைத்தேன். ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

சின்யோரா கேட்கவில்லை.

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. புரண்டு படுத்தார். விழித்துத்தான் இருக்கிறார். இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று பார்த்தேன். இல்லை. தெரியாத ஒரு பெண் தன் அறையில் வந்து படுத்திருக்கிறாள், அவளிடம் கேட்க என்ன இருக்கிறது? விமானத்தில் இருந்ததைவிட அந்த அறையில் நான் தனியாக இருந்தேன். தாங்க முடியவில்லை. அவர் கேட்காவிட்டால் போகட்டும், நான் கேட்டால் என்ன?

"சி செய்?" என்றேன் மெதுவாக.

சத்தமில்லை. பயந்துவிட்டாரோ? எழும்பி விளக்கைப் போடலாமா என்று யோசித்தேன்.

இருட்டுக்குள்ளிருந்து, சிசிலிக்காரர்களுக்கே உரிய அந்த இழுவையோடு, பாடம் ஒப்பிப்பதுபோல் ஒரு குரல் வந்தது.

"இஞ்சை… தான்… இருக்கிறன்."

நான் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன். குரல் கொஞ்சம் தேடியது. பிறகு மிச்சத்தையும் கண்டுபிடித்தது.

"படுங்கோ."

படுத்தேன். இரவு முழுக்கக் காதைத் திறந்து வைத்திருக்கச் சம்பளம் வாங்குகிற நான், விடிந்து வெயில் முகத்தில் அடிக்கும்வரை அசையவே இல்லை!

சின்யோராவின் மகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.