எம்.பி. விரலில் மை

பாராளுமன்றத்தில் ஓட்டுப் போடும் எம்.பி.க்களுக்கும் நம்மைப் போலவே இடதுகை ஆள்காட்டி விரலில் மை வைப்பார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் அல்ல. எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்திருந்த வயதில். நம்பியதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. கல்வராயன் மலையில் ஓர் ஊரையே நம்ப வைத்தேன்.

போன வாரம் என் மகள் போனை நீட்டினாள். நம் எம்.பி. சமீபத்தில் எந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டுப் போட்டார் என்று அதில் வரிசையாக இருந்தது. ஆதரவு, எதிர்ப்பு, வரவில்லை. நான் எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததில் போன் சூடாகிவிட்டது. சூடான போனுக்கு ஒரு வாசனை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? லேசாகத் தூசி கருகுகிற வாசனை. அது என்னை நேராகக் கொண்டுபோய்ப் பாஷா பாயின் ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார வைத்துவிட்டது.

பாஷா பாய் கள்ளக்குறிச்சியில் மைக் செட் கடை வைத்திருந்தார். அவரிடம் நான் வேலை பார்த்தேன். கல்யாணமோ கட்சிக் கூட்டமோ, குழாய் ஸ்பீக்கர் கட்டுவதும் அறிவிப்புச் சொல்வதும் என் பொறுப்பு. ‘மைக் டெஸ்டிங்’குக்கு மேல் எனக்கு இங்கிலீஷ் கிடையாது. ஆனாலும் நான் பேசினால் டில்லியில் கேட்கும் என்று ஒரு நினைப்பு. மலைக்குப் போகிற பஸ்ஸில் குழாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வளைவில் பஸ் திரும்பும்போது பக்கத்து சீட்டுக்காரர் தலை அதற்குள் போய் வரும். அவர் திட்டுவது குழாய் வழியாகக் கணீரென்று வெளியே வரும்.

அப்படி ஒரு தடவை மலைக்குப் போய், வேலை முடிந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். மலை நிலத்தில் உழுகிறவர்களுக்கு உரிமை தருகிற மாதிரி ஒரு மசோதா டில்லியில் நிறைவேறியதாகப் பேப்பரில் வந்திருந்த நேரம். சின்னப்பொண்ணு என்கிற அக்கா என்னைக் கேட்டார். அவர் சாமை விதைக்கிற காட்டுக்குப் பட்டா கிடையாது. எந்த நேரத்தில் யார் வந்து எழுந்திரு என்பார்களோ என்று இருந்தவர்.

“நம்ம எம்.பி. இதுக்கு ஓட்டு போட்டாரா தம்பி?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். டவுனிலிருந்து வந்தவன், சலவைச் சட்டை வேறு. வாய் சும்மா இருக்குமா?

“அது சுளுவுக்கா. அடுத்த வாரம் இங்க கூட்டத்துக்கு வர்றாரு இல்ல? வெரலப் பாருங்க. மை இருந்தா போட்டாரு. இல்லன்னா டிமிக்கி.”

அந்த ஊரில் இது விளையாட்டுப் பேச்சல்ல. தேர்தலன்று மலைப்பாதையில் நடந்துபோய் ஓட்டுப் போட்டு வருகிறவர்கள், ஊர்க்கவுண்டர் வாசலில் விரலைக் காட்டிவிட்டுத்தான் தங்கள் வீட்டுக்குப் போவார்கள். ஆள் பொய் சொல்லலாம், விரல் சொல்லாது என்பது அங்கே சட்டம்.

கூட்ட நாள் வந்தது. எம்.பி. மேடையேறினார். மாலை போட வந்த ஒவ்வொருவரும் அவருடைய இடது கையைப் பிடித்துக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு இறங்கினார். ஒருவர் எச்சில் தொட்டுத் தேய்த்துக்கூடப் பார்த்தார். எம்.பி. உருகிப்போனார். “இன்னா பாசம் பாரு, கைய வுட மாட்டேங்கிறாங்க” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

நான் மைக் பக்கத்தில் நின்றிருந்தேன்; என்னை ஒட்டி பாஷா பாய். அவருக்கு முக்கால்வாசி வேலை கொடுத்தது எம்.பி.யின் கட்சிதான். விஷயம் தெரிந்தால் பாயும் காலி, நானும் காலி. தலையைச் சாய்த்துப் பாயின் காதில் நடந்ததைச் சொன்னேன்.

“அடப்பாவி! வாய வச்சிக்கினு சும்மா இருக்க மாட்டியாடா?” என்றார். என்னைவிட்டு நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

அதற்குள் சின்னப்பொண்ணு அக்கா மைக்கைப் பிடித்துவிட்டார். “இன்னாங்க எம்.பி., வெரல்ல மையே காணோம்?”

நான் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றிய ஒரே ராஜதந்திரம் அதுதான். அக்கா மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு அதே கேள்வியை வெறும் தொண்டையில் கேட்டார். குழாயைவிட நன்றாகக் கேட்டது.

“மையா? யாரு சொன்னது?” என்றார் எம்.பி.

அத்தனை விரல்களும் என் பக்கம் திரும்பின. பாஷா பாய் கையெடுத்துக் கும்பிட்டார். “இவன் நம்ம ஆளே இல்லீங்க!”

எம்.பி. வயிறு குலுங்கச் சிரித்தார். டில்லியில் மையெல்லாம் கிடையாது, சில நேரம் பட்டன் அமுக்குவோம், பல மசோதாவுக்கு ‘ஆமாம்’ என்று கத்துவதோடு சரி, யார் கத்தினார் என்று யாரும் எழுதி வைப்பதில்லை, இதுவும் அப்படி நிறைவேறியதுதான் என்று விளக்கினார். கூட்டமும் சிரித்தது. பிழைத்தேன் என்று ஒயரைத் திரும்பச் சொருகினேன்.

அக்கா சிரிக்கவில்லை. “செரிங்க. நீங்க கத்துனீங்களா?”

எம்.பி. சோடாவை எடுத்தார். குடித்து முடிக்கும்வரை யாரும் நகரவில்லை.

“அன்னிக்கி நான் டில்லியிலயே இல்லம்மா.”

“அப்பறம் எங்க இருந்தீங்க?”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். “தோ, மைக் செட் தம்பியக் கேளுங்க. அதுக்குத் தெரியும்.”

மைக் என் கைக்கு வந்துவிட்டது.

பாஷா பாய் இன்று இல்லை. கடை இருந்த இடத்தில் செருப்பு விற்கிறார்கள். குழாய் ஸ்பீக்கர்கள் பழைய இரும்புக்குப் போய்விட்டன. எம்.பி.க்கள் இன்றும் வருகிறார்கள்; பூமாலை மேடைக்குப் பக்கத்திலேயே ஒரு ஆளிடம் நின்றுவிடுகிறது. கையைப் பிடித்துப் பார்க்கிற தூரத்துக்கு யாரையும் விடுவதில்லை. நீங்க எங்க இருந்தீங்க என்று முகத்துக்கு நேரே கேட்கிற குரலை நான் கேட்டும் பல வருஷம் ஆகிறது.

அன்று மைக்கில் நான் சொன்னது இவ்வளவுதான்: மசோதா நிறைவேறிய அன்று எம்.பி. சங்கராபுரத்தில் ஒரு கல்யாணத்தில், முதல் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ‘வருக வருக’ என்று வாசலிலிருந்து அவரைக் கூவி அழைத்தவன் நான்.