சுந்தரேச சாமி எடுத்த பூஜ்யம்

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்து நாலாம் நாள் காலை. கடையைத் திறந்து, கம்ப்யூட்டர்கள் மேல் போட்டிருந்த துணிகளை எடுத்து உதறிக்கொண்டிருந்தேன். கே.ஜி.கண்டிகை முனிரத்தினம் ஆட்டோவை வாசலில் நிறுத்தினான். இறங்கவில்லை.

"மடப்பள்ளி சாமி பூட்டாரு பாவா. விடிகாலையில, தூக்கத்துலயே" என்றான். நான் கையிலிருந்த துணியை மடித்தேன். அவன், "ஷட்டரப் பாதி இறக்கிடு. போறவன் வர்றவன் இன்னா நெனப்பான்" என்றான்.

என் கூடப்பிறந்த அண்ணன் செத்தபோது ஷட்டரை இறக்கும்படி யாரும் சொல்லவில்லை. நானாக இறக்கினேன். எப்போது திறப்பீர்கள் என்று இரண்டு பேர் வீட்டுக்கே வந்து கேட்டார்கள். அதை நினைத்துக்கொண்டேதான் மடப்பள்ளி சுந்தரேசனுக்காகப் பாதி இறக்கினேன். சாவுச் செய்தி வந்த வேளையிலும் எனக்கு அவர் மேல் பொறாமைதான் முதலில் வந்தது. அதை மறைத்து எழுதினால், எங்கள் இருவரையும் தெரிந்த நீங்கள் சிரிப்பீர்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ரேடியோ, பிறகு டிவி, பிறகு கம்ப்யூட்டர் என்று எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். இரண்டாயிரத்து இரண்டில் ஸ்டேஷன் ரோட்டில் நாலு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் திறந்தேன். அடுத்த வருடம் சென்னையிலிருந்து ஒரு சண்டை விளையாட்டின் சிடி வாங்கிவந்தேன். வேற்று கிரகத்தார் பூமிக்கு வருவார்கள், நாம் அவர்களை எதிர்க்க வேண்டும். அதில் அவர்களுடைய வண்டி ஒன்று உண்டு. வண்டு போல ஆறு குட்டைக் கால். முதுகில் களிம்பேறிய செம்பு நிறத்தில் ஒரு ஓடு. அந்த ஓடு இரண்டாகப் பிளந்தால் நாலு குழல்கள் எழுந்து வானத்தைப் பார்த்துப் பச்சை நெருப்பைக் கக்கும். விமானங்களை மட்டும்தான் சுடும். தரையில் நிற்பவனை ஒன்றும் செய்யாது. அதைக் கைப்பற்றி, பள்ளத்தாக்கின் அடியிலிருந்து மேலே மலைக்கதவு வரை பன்னிரண்டு நிமிடத்தில் ஓட்டிப் போக வேண்டும்.

அதன் கையேட்டை இன்டர்நெட்டில் எடுத்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் படித்தேன். 'வான் எதிர்ப்பு ஊர்தி' என்று தமிழில் பெயர் வைத்து, அட்டையில் எழுதி, மூன்றாம் கம்ப்யூட்டரின் தலையில் ஒட்டினேன். பக்கத்துச் சுவரில் கரும்பலகை மாட்டி, யார் எத்தனை விமானம் வீழ்த்தினார்கள் என்று எழுதிவந்தேன். ஒன்றரை வருடம் முதல் பெயர் என்னுடையது. ஆட்டோக்காரர்களும் தாலுகா ஆபீஸ் எழுத்தர்களும் கடைக்குள் வந்தால் முதலில் அந்தப் பலகையைத்தான் பார்ப்பார்கள். படிக்காதவன் என்று என்னைச் சொன்ன ஊரில் என் பெயர் முதலில் இருந்த ஒரே இடம் அது.

சுந்தரேசன் மலைமேல் முருகன் கோயில் மடப்பள்ளியில் சமையல் செய்தவர். நாலு தலைமுறையாக அந்தக் குடும்பத்துக்கு அதுதான் வேலை. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஆனாலும் அப்பனைக் கூப்பிடுகிற மாதிரி என்னை 'நைனா' என்பார். மரியாதையா கேலியா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. மஸ்கட்டில் இருக்கும் மகள் அனுப்பும் மெயிலைப் படிக்க முதல்முறை வந்தார். லைன் கிடைக்கவில்லை. காத்திருந்த நேரத்தில் மூன்றாம் கம்ப்யூட்டரைப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, திரையில் இருந்த இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டினார். "ஏ, என், டி, ஐ... ஆண்டி. நம்ம ஆண்டியா நைனா? இவர் வண்டியில கூட வர்றாரா?"

கடையே சிரித்தது. 'ஆன்டி' என்றால் எதிர்ப்பு, இது வேறு சொல் என்று பொறுமையாக விளக்கினேன். "ஆங், ஆங், எதிர்ப்பு" என்று தலையாட்டினார். பிறகு ஓட்டின் நிறத்தைப் பார்த்து, "ஆண்டி வண்டிய ஒருத்தரும் புளி போட்டுத் தேய்க்கலையே, பச்சை பூத்து கெடக்குது" என்றார். அவ்வளவுதான். ஒரு வாரம் படித்து நான் வைத்த பெயர் அந்த நிமிடத்தோடு போயிற்று. மறுநாள் முதல் வருகிறவன் எல்லாம் "ஆண்டி வண்டி காலியா?" என்றுதான் கேட்டான். அட்டை இன்றும் ஒட்டியிருக்கிறது. யாரும் படித்ததில்லை.

பிறகு விளையாடவும் உட்கார்ந்தார். உட்காருமுன் வாசல் குடத்தில் தண்ணீர் மொண்டு கை கழுவுவார், சமையல்காரர் பழக்கம். ஒரு மாதத்தில் எல்லோரும் கழுவ ஆரம்பித்தார்கள். 'கையைச் சுத்தம் செய்துவிட்டு மவுஸைத் தொடவும்' என்று நான் எழுதி ஒட்டிய காகிதத்துக்கு அப்போது வயது இரண்டு.

அந்த ஊர்தியில் ஒரு சிக்கல் உண்டு. விடாமல் சுட்டால் குழல்கள் சூடேறி, கொஞ்ச நேரம் வேலை நிறுத்தம் செய்யும். அதற்குள் விமானங்கள் நம்மைத் தீர்த்துவிடும். கையேட்டில் எத்தனை விநாடி சுடலாம் என்று போட்டிருந்ததை மனப்பாடம் செய்து, வாய்க்குள் எண்ணிக்கொண்டே சுடுவேன். அவர் எண்ணவே மாட்டார். குழல் நுனி லேசாகச் சிவந்ததும் விரலை எடுத்துவிடுவார். எப்படித் தெரிகிறது என்று ஒருநாள் மனசு கேட்காமல் கேட்டேன். "விறகு அடுப்புங்க நைனா. எரிய விடணும், இழுக்கணும். எண்ணிகினு இருந்தா பொங்கல் அடி புடிச்சுப் போகும்." மூன்றே மாதத்தில் பலகையில் அவர் பெயர் என் பெயருக்கு மேலே ஏறியது. சாக்பீஸைப் பிடித்து நான்தான் எழுதினேன். அப்படி எழுதிய கை என்ன பாடுபட்டது என்று எனக்குத்தான் தெரியும்.

இப்போது சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மற்ற முருகன் கோயில்களில் கந்த சஷ்டியின் ஆறாம் நாள் சூரனை வதம் செய்வார்கள். நம் மலையில் அது கிடையாது. சண்டையெல்லாம் முடிந்து சாமி கோபம் தணிந்து வந்த இடம் இது. அதனால் அன்றைக்கு இங்கே பூதான் கொட்டுவார்கள். ஒரு வருடம் அந்த நாளில் சுந்தரேசன் மெயில் படிக்க வந்தார். மூன்றாம் கம்ப்யூட்டர் காலியாகத்தான் இருந்தது. உட்காரச் சொன்னார்கள். "இன்னைக்கு இந்த மலையில சண்டை கெடையாதுப்பா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அப்போது நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த வருடம், ஆளில்லாத நேரத்தில் எடுத்த கணக்கெல்லாம் செல்லாது, எல்லோர் எதிரிலும் ஒரு போட்டி வைத்து முதல் பெயரை முடிவு செய்வோம் என்று அறிவித்தேன். பலகையைத் துடைத்தேன். விதியையும் நான்தான் எழுதினேன்: வீழ்த்திய விமானங்கள் மட்டுமே கணக்கு. தேதி குறிக்கத் தினசரிக் காலண்டரைப் புரட்டினேன். சஷ்டி என்று சிவப்பில் போட்டிருந்த தாளைப் பார்த்துத்தான் குறித்தேன். எதேச்சையாக அமைந்தது என்று இத்தனை நாளாகச் சொல்லிவந்தேன். இல்லை, பார்த்துத்தான் குறித்தேன். வரமாட்டார் என்று நினைத்தேன்.

வந்தார். பூக்கொட்டல் முடிந்து நேராக இறங்கி வந்தவர் போல, தோளில் சாமந்தி இதழ்கள் ஒட்டியிருந்தன. நின்று பார்க்கக்கூட இடமில்லாத கூட்டம். நான் முதலில் ஆடினேன். நாற்பத்தொன்று வீழ்த்தினேன். கதவுக்கு முப்பது அடி இருக்கும்போது என் ஊர்தி எரிந்துபோயிற்று; அதனால் என்ன, கணக்கு விமானங்களுக்குத்தான்.

அவர் கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். ஊர்தியைக் கிளப்பினார். ஓடு பிளக்கவே இல்லை. ஒரு விமானத்தையும் சுடாததால், வந்தவை எல்லாம் வானத்திலேயே நின்றன. நாலு, பத்து, முப்பது. திரை கறுத்துவிட்டது. அவர் வானத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். விமானம் பாய வரும்போது அதன் நிழல் சுருங்கும். நிழல் சுருங்கினால் காலை மடக்கி ஓட்டுக்குள் பதுங்குவார். நிழல் விரிந்தால் எழுந்து ஓடுவார். கையேட்டில் இது எங்கேயும் இல்லை. பன்னிரண்டாவது நிமிடம் மலைக்கதவு திறந்தது. ஆண்டி வண்டி உள்ளே போயிற்று. பிறகு முனிரத்தினம் மட்டும் மெதுவாக, "முருகா" என்றான்.

விதிப்படி நாற்பத்தொன்றுக்குப் பூஜ்யம். நான் ஜெயித்தேன். என் பெயரை மேலே எழுதினேன், அவர் பெயரைக் கீழே எழுதினேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கூட்டம் கலைந்தபின் அவர் கேட்டார்.

"தேதி நீங்க குறிச்சதா நைனா?"

"ஆமாங்க சாமி."

"நல்ல நாளாத்தான் குறிச்சிருக்கீங்க" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மவுஸ் பக்கத்தில் விழுந்திருந்த இதழை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

என் சூழ்ச்சியைத் தெரிந்து சொன்னாரா, நிஜமாகவே நாளைப் புகழ்ந்தாரா? நாலு வருடம் இந்தக் கேள்வியோடு இருந்தேன். கேட்டிருக்கலாம். கேட்டால் ஒத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அது வராது. அதற்குப் பிறகும் வாரம் ஒருமுறை வந்தார், விளையாடினார், சுட்டார். நாற்பத்தொன்றைத் தாண்டினால்தான் பலகையில் புதுக் கணக்கு ஏறும்; நாற்பது விழுந்ததும் நிறுத்திக்கொண்டு கதவுக்குள் போய்விடுவார். ஒருமுறை எனக்குக் கோபமே வந்து, ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேட்டேன். "பந்தி முடிஞ்சுது நைனா, எல எடுத்துற வேண்டியதுதான்" என்றார். என் முதலிடத்தை அவர்தான் எனக்குப் பரிமாறிக்கொண்டிருந்தார். அதைவிட என்னைக் கொன்றது வேறெதுவும் இல்லை.

காரியங்கள் முடிந்தபின் மகள் கடைக்கு வந்தாள். அப்பா உட்கார்ந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். "அப்பா மெயில் போட்டா பாதி உங்களப் பத்திதாங்க இருக்கும். ஆண்டி வண்டி ஓட்டக் கத்துக்குடுத்தவருன்னு எழுதுவாரு." நான் அவருக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. இருந்தும், இல்லையம்மா என்று சொல்ல வாய் வரவில்லை. வண்டியைக் காட்டச் சொன்னாள். மூன்றாம் கம்ப்யூட்டரைப் போட்டுக் காட்டினேன். அவள் கண் சுவருக்குப் போயிற்று. போட்டிக்குப் பிறகு அந்தப் பலகையை நான் துடைத்ததே இல்லை. அப்பா பெயருக்கு எதிரில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "அப்பா ஒண்ணுமே எடுக்கலைங்களா?" என்று கேட்டாள்.

"எடுத்ததும்மா அது" என்றேன். "அத யாராலயும் எடுக்க முடியாது."

புரிந்ததோ இல்லையோ, தலையாட்டினாள். தேதியை நான் குறித்ததை அவளிடம் சொல்லவில்லை. அதனால்தான் இங்கே, இன்டர்நெட்டில் எழுதுகிறேன். மஸ்கட்டில் இருந்தும் இதைப் படிக்கலாம்.

போட்டி நடந்த மறுவாரமே, மதியம் கடையில் ஆளில்லாத நேரத்தில், சுடாமல் ஓட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். நாலு வருடமாக ஓட்டுகிறேன். நிழலைப் பார்க்கத்தான் முயல்கிறேன். கண் தானாக மேலே போய்விடுகிறது, விரல் அழுத்திவிடுகிறது. பாதி மலைக்கு மேல் போனதில்லை.

பலகையில் என் நாற்பத்தொன்றை இதற்குள் இரண்டு பேர் தாண்டிவிட்டார்கள். அவர்கள் பெயரை நானே எழுதினேன், வலிக்கவில்லை. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் பூஜ்யம் ஒன்றுதான். பலகையின் அடியில், என் கையெழுத்தில். சாக்பீஸ் மங்கும்போதெல்லாம் மறுபடி எழுதி வைக்கிறேன்.