ஷூவும் கூட்டல் கணக்கும்

2025 ஜூலை 22, செவ்வாய். 5.10க்கு எழுந்தேன். சமையல் முடித்து, புத்தூரில் 7.25 பஸ். 8.20க்குப் பள்ளி. ஆந்திராவில், நகரிப் பக்கத்துத் தமிழ் மீடியம் ஆரம்பப் பள்ளி. எனக்கு இரண்டாம் வகுப்பு. செல்போனில் வருகைப் பதிவு மூன்றாவது முயற்சியில்தான் ஏறியது. மதிய உணவு முட்டைகளை எண்ணிப் படம் அனுப்பினேன். முதுகுவலி, வழக்கம்போல.

மாலை 3.40க்கு ஒரு தாய் மகளுடன் வந்தார். மாந்தோப்பில் கூலி வேலை செய்பவர். வியாழக்கிழமையிலிருந்து முதல் வகுப்பிலேயே திரும்ப உட்கார வேண்டிய பிள்ளைகளின் பட்டியலை நான் ஹெட்மாஸ்டரிடம் கொடுத்திருந்தேன். அவர் மகள் மூன்றாவது பெயர். ஜூன் முழுக்கச் சரியாகக் கூட்டியவள், இரண்டு வாரமாக எல்லாவற்றையும் தப்பாகப் போடுகிறாள். ‘கவனமில்லை’ என்று எழுதியிருந்தேன்.

"ஒண்ணாவதுல இவ தம்பி கீறான் டீச்சர். ‘வா அக்கா, எடம் புடிச்சி வெக்கறேன்’னு நேத்தே ஆரம்பிச்சிட்டான். இது சோறே துன்னல. இனிமே இஸ்கூலுக்கே போவமாட்டேன்னு சொல்லிக்கினு கீது."

ஹெட்மாஸ்டர் அறை என்பதால் சிறுமி ஷூவை வாசலில் கழற்றிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டி நின்றாள். பேச்சு நீள வேண்டாமென்று, தாய் எதிரிலேயே கேட்டேன்: எட்டும் ஐந்தும்?

"பதிமூணு."

ஒன்பதும் ஆறும்? அவள் குனிந்தாள். சிமெண்டுத் தரையில் கால்விரல்கள் ஒவ்வொன்றாக அழுந்தின.

"பதினைஞ்சு."

"ஏய், டீச்சர் முன்னாடி இன்னா கால நோண்டிக்கினு?" என்றார் தாய்.

"கைவெரல் வுடக்கூடாதுன்னு டீச்சர்தானே சொன்னாங்க. ஷூ போட்டா இது தெரியல."

"அடிப்பாவி! கால்லயாடி கணக்கு போட்ற?" தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். ஹெட்மாஸ்டர் அதற்குள் பஸ்ஸுக்குப் போயிருந்தார்.

வீட்டில் டைரியைப் புரட்டினேன். ஜூன் 16: பரீட்சையில் நேரமாகிறது, இனி விரல் விட்டு எண்ணக் கூடாது என்று வகுப்பில் சொன்னேன். ஜூலை 7: அரசு ஷூ வந்தது, எல்லோருக்கும் போட்டுவிட்டேன். ஜூலை 8: அவளுடைய முதல் தப்பு. மூன்றும் என் கையெழுத்து. மூன்று வருடம் முன்பு திருப்பதியில் நடந்த பயிற்சிக் குறிப்புத் தாளும் டைரி உறைக்குள் இருந்தது, அதே கையெழுத்தில்: ‘விரல்தான் குழந்தையின் முதல் எண்சட்டம். மனக்கணக்கு பழகியதும் தானாக விட்டுவிடும். நாம் பிடுங்கக் கூடாது.’ அடிக்கோடும் போட்டிருந்தேன். எழுதி வைத்ததோடு அந்த வேலை முடிந்தது என்று நினைத்திருக்கிறேன். இருபத்தாறு வருடத்தில் இப்படி எத்தனை பேரைக் ‘கவனமில்லை’ என்று எழுதினேன் என்பதைப் பழைய டைரிகளில் பார்க்கலாம். எடுக்கத் தெம்பில்லை.

புதன் காலை, வருகைப் பதிவுக்கும் முன்னால், ஹெட்மாஸ்டரிடம் பட்டியலைத் திருப்பி வாங்கி, ஸ்கேல் வைத்து மூன்றாவது வரியை அடித்தேன். பக்கத்தில் ‘பிழை என்னுடையது’ என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டேன்.