முதுகுப்பக்கம் ஒட்டிய நம்பர்

அவனுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தது அவன் மனைவி. வீட்டில் வைத்த பெயர் தெருவுக்குப் போய், தெருவிலிருந்து கடைக்கே வந்துவிட்டது. வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவனுக்குப் பொருத்தமான பெயர்தான். டீயைக்கூட வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டேதான் குடிப்பான், பாதி தரைக்குப் போய்விடும்.

பதினோரு வருடம் ஒரு கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் இருந்துவிட்டு, ஒன்றரை வருடத்துக்கு முன்புதான் சொந்தக் கடை போட்டான். வேலை சுத்தமாக இருக்கும். அவன் சரிசெய்த கோளாறு மறுபடி தலைகாட்டாது. வேலை தெரிந்தால் போதும், ஆள் தானாக வரும் என்று எவனோ அவன் காதில் ஓதியிருக்கிறான். கடை ஓடுகிற அளவுக்கு ஆள் வரவில்லை.

மனைவியின் அண்ணன், அவனுக்கு மச்சான், ஒரு பெரிய குடோனுக்குப் பொறுப்பாளர். அங்கே மேற்பார்வை வேலை ஒன்று காலியாகியிருந்தது. "சனிக்கிழமைக்குள்ள சொல்லுங்க மாப்பிள்ளை, அதுக்கு மேல என்னால இடத்தைப் பிடிச்சு வைக்க முடியாது" என்று சொல்லியிருந்தார். நல்ல மனுஷர், நல்ல வேலை. ஆனால் பம்பரம் பிடி கொடுக்காமல் நாளைத் தள்ளினான். கடையை ஒரு தடவை மூடினால் பிறகு இந்த ஜென்மத்தில் திறக்க மாட்டோம் என்பது அவனுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலை, சிறு வியாபாரிகள் வாரா வாரம் கூடுகிற கூட்டத்துக்குப் போனான். ஆளுக்கு ஒரு நிமிடம் பேசலாம். இவன் பெல்ட், பேரிங், டிரம், மோட்டார் என்று மூச்சு விடாமல் அடுக்கி, நிறுத்தச் சொல்லி மணி அடித்த பிறகும் வடிகுழாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். பிறகு நாற்பது விசிட்டிங் கார்டை நாற்பது பேர் கையில் திணித்தான். கண்ணாடிக்கடைக்காரர் தன் கடையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தபோது இவன் அடுத்த மேஜையில் இருந்தான். இதற்குப் பெயர் பழக்கம் பிடிப்பதாம்.

புதன்கிழமை வரை ஒரு அழைப்பும் இல்லை. மனைவியின் போனிலிருந்து தன் நம்பருக்கு அடித்துப் பார்த்தான்.

"அடிக்குதா?" என்று கேட்டாள் அவள்.

"அடிக்குது."

"அப்ப கோளாறு போன்ல இல்ல" என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குக் கிளம்பினாள்.

வியாழக்கிழமை உதிரிபாகக் கடையில் பெல்ட்டுக்காகக் காத்து நின்றான். பக்கத்தில் நின்றவர் அதே தொழில், அதே வட்டாரம், போட்டிக்காரர். இவன் பையில் இருந்த, கடை நம்பர் அச்சடித்த மஞ்சள் ஸ்டிக்கர்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"மஞ்சள் ஸ்டிக்கர் நீங்கதானா? உங்க நம்பர் எனக்கு மனப்பாடம்."

"எப்படி?"

"மெஷினை இழுத்துத் திருப்பினா பின்னாடி நீங்கதான் இருக்கீங்க. தேதி, மாத்தின பார்ட்டு, எல்லாம் அழகா எழுதியிருக்கு. எனக்குப் பாதி வேலை மிச்சம்."

அவர் விடாமல் தொடர்ந்தார்.

"வீட்டுக்காரங்க என்ன சொல்றாங்க தெரியுமா? 'முன்னாடி ஒருத்தர் வந்தார், ரொம்ப நல்லா செஞ்சார், நம்பர்தான் எங்கயோ போச்சு'ங்கறாங்க. அது சுவரைப் பார்த்துக்கிட்டு இருக்கு. நான் எப்படிங்க சொல்றது?"

கம்பெனிப் பழக்கம் அது. அங்கே ஸ்டிக்கர் வாடிக்கையாளருக்கு இல்லை, அடுத்து வரும் மெக்கானிக்குக்கு. அதனால் பின்பக்கம், தண்ணீர்க் குழாய்க்குக் கீழே. சொந்தமாக ஸ்டிக்கர் அடித்தபோதும் கை பழைய இடத்துக்கே போய்விட்டது. ஒன்றரை வருடம், இருநூறுக்கு மேற்பட்ட வீடுகள். அத்தனை வீட்டிலும் தன் நம்பரைப் போட்டிக்காரருக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒட்டிவைத்திருக்கிறான். பெல்ட்டை வாங்காமலே வெளியே வந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வேலை நோட்டைத் தூக்கிக்கொண்டு பழைய வீடுகளுக்குக் கிளம்பினான். முதல் வீட்டு அம்மா கதவைப் பாதிதான் திறந்தார்.

"நாங்க கூப்பிடலையே. நல்லாத்தான் ஓடுது."

"தெரியும்மா. ஸ்டிக்கரை மாத்தி ஒட்டிட்டுப் போயிடறேன்."

அவர் சந்தேகத்தோடு உள்ளே விட்டார். முன்பக்கம் ஒட்டினால் அழகு கெடும் என்றார். மூடியின் உள்பக்கம் ஒட்டினான். துணி போடும்போதெல்லாம் கண்ணில் படும்.

"இது முன்னாடியே இங்க இருந்திருந்தா எங்கம்மா வீட்டுக்கும் உங்களையே கூப்பிட்டிருப்பேன்" என்றார் அவர். "சரி பண்ண ஆள் கிடைக்காம போன மாசம் புதுசே வாங்கிட்டாங்க."

சாயங்காலத்துக்குள் பதினோரு வீடு முடிந்தது. வீட்டுக்கு வீடு, அக்கம்பக்கத்தில் யார் மெஷினாவது தகராறு செய்கிறதா என்று கேட்கவும் பழகிக்கொண்டான். இரண்டு வேலை கிடைத்தது. இப்படியே போனால் ஆறு மாதத்தில் கடை நிமிர்ந்துவிடும். அவன் கையில் இருந்ததோ ஒரு நாள்.

சனிக்கிழமை காலை பதில் சொல்ல மச்சான் வீட்டுக்குப் போனான். அவர் குளித்துக்கொண்டிருந்தார். கால் நிற்காமல் பின்கட்டுவரை நடந்தவன், அங்கே இருந்த மெஷினைப் பார்த்து நின்றுவிட்டான். முன்பக்கம், பளிச்சென்று, போட்டிக்காரரின் சிவப்பு ஸ்டிக்கர்.

"இது எப்பக்கா?" என்று மச்சானின் மனைவியிடம் கேட்டான்.

"ரெண்டு மாசம் இருக்கும் தம்பி." அவர் சங்கடத்தோடு துணியை மடித்துக்கொண்டிருந்தார். "உங்களைத்தான் கூப்பிடலாம்னேன். கடையைப் பத்திக் கேட்டாலே நீங்க பேச்சை மாத்திடறீங்க. சொந்தக்காரங்க வீட்டு வேலை பிடிக்கலையோன்னு விட்டுட்டோம்."

பொய் இல்லை. கடை எப்படிப் போகிறது என்று சொந்தத்தில் யார் கேட்டாலும் அவன் உடனே அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் படிப்பை விசாரிக்கத் தொடங்கிவிடுவான். முன்பின் தெரியாத நாற்பது பேரிடம் நீட்டிய கார்டில் ஒன்றைக்கூட இந்த வீட்டில் கொடுத்ததில்லை. கொடுத்தால் பிச்சை கேட்கிற மாதிரி இருக்கும் என்று ஒரு வறட்டு ரோஷம்.

மச்சான் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். "என்ன முடிவு பண்ணீங்க மாப்பிள்ளை?"

"அந்த வேலை எனக்கு வேணாம் மச்சான்." அந்தச் சிவப்பு ஸ்டிக்கரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். "வேற ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"குடோன்ல எத்தனை பேர் இருக்காங்க?"

"நூத்திச் சொச்சம்."

"அவங்ககிட்ட என்னைப் பத்திச் சொல்லுங்க. சும்மா செய்ய மாட்டேன், காசு வாங்குவேன். உங்ககிட்டயும்தான்."

மச்சான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவனை உற்றுப் பார்த்தார்.

"குடோன்ல இடம் தானா காலியாச்சுன்னு நினைச்சீங்களா? என் தங்கச்சி மூணு தடவை வந்து உங்களுக்கு ஒரு வேலை பார்க்கச் சொன்னா. அவ கேட்டா. நீங்க ஒரு தடவைகூட வாயத் திறந்து கேக்கலையே மாப்பிள்ளை."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். புதன்கிழமை காலை அவசரமாக வேலைக்குக் கிளம்பிய மனைவியின் முகத்தை அன்றைக்குச் சரியாகப் பார்த்தோமா என்றுகூட அவனுக்கு நினைவில்லை.

மச்சான் போனை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஆளுங்க குரூப்ல போடறேன். நம்பரை நீங்களே சொல்லுங்க, தப்பாப் போட்டுடக் கூடாது."

தன் நம்பரைச் சொல்லி முடிக்க அவனுக்கு இரண்டு தடவை தேவைப்பட்டது.